கரிசலுக்கு அடியில் 1,700 ஹெர்ட்ஸ்

காந்த ஊசி ஒன்றை நடுவில் நூல் கட்டித் தொங்கவிட்டால் லண்டனில் அது தரையை நோக்கி 66 பாகை குப்புறச் சாயும். டெல்லியில் நாற்பதுக்குச் சற்று மேல். அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டியில் அதே ஊசி ஏறக்குறையப் படுத்தே கிடக்கும். வடக்கு தெற்காக, தரைக்கு இணையாக, சில பாகைச் சாய்வோடு. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனைப் பக்கமாகப் போவதால் வரும் நிலை இது. அங்கே பூமியின் காந்தப்புல வலிமை சுமார் 40,000 நானோ டெஸ்லா. எண் பெரிதாகத் தெரிந்தாலும் புலம் மிகவும் நோஞ்சான்தான். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் பொம்மைக் காந்தத்தின் புலத்தில் நூறில் ஒரு பங்குகூடத் தேறாது.

அந்த நோஞ்சான் புலத்துக்கும் தவறாமல் தலையாட்டுகிற ஒன்று உண்டு. அது தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜன் அணுவின் கரு. வீட்டுக் குடத்திலும் ஊருணியிலும் கேணியிலும், பாறைக்கு மேலே படிந்த மொரம்பு மண்ணின் இடுக்கிலும் உள்ள ஒவ்வொரு ஹைட்ரஜன் கருவும் பாளையம்பட்டியில் செகண்டுக்கு ஏறத்தாழ 1,700 தடவை தன் அச்சைச் சுழற்றிக்கொண்டிருக்கிறது. 1,700 ஹெர்ட்ஸ் என்பது மனிதக் காது கேட்கக்கூடிய சுருதி. அந்தச் சுருதியைத் தரைக்கு மேலிருந்தபடியே பிடித்து, கீழே எத்தனை அடியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, அது மண்ணோடு ஒட்டிக் கிடக்கிறதா, ஓடிவரக்கூடியதா என்று அளக்கும் கருவி உலகில் உண்டு. மதுரைக்குப் போய் எடுக்கிற எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு அது ஒன்றுவிட்ட தம்பி. இரண்டுக்கும் அடிப்படை ஒரே இயற்பியல்: அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு, சுருக்கமாக என்.எம்.ஆர்.

ஹைட்ரஜனின் கரு என்பது ஒரே ஒரு புரோட்டான். அதற்கு நிறையும் மின்னூட்டமும் இருப்பதுபோல, தற்சுழற்சி என்று இயற்பியலார் சொல்லும் ஒரு பிறவிக் குணமும் உண்டு. அதனால் ஒவ்வொரு புரோட்டானும் ஒரு நுண்காந்தம். வெளியிலிருந்து ஒரு காந்தப்புலம் அதைத் திருப்பப் பார்க்கும்போது, சுழற்சி இருக்கிற காரணத்தால் அது திரும்பி நேராக நின்றுவிடுவதில்லை. சாய்ந்து ஆடும் பம்பரத்தைப் பூமி கீழே இழுக்கிறது; பம்பரமோ விழாமல் தலையை வட்டமாகச் சுற்றிக்கொண்டு நிற்கிறது. புரோட்டானின் அச்சும் காந்தப்புலத்தைச் சுற்றி அப்படித்தான் ஒரு கூம்பு போடுகிறது. எலெக்ட்ரான்களை மனத்தில் வைத்து 1897இல் இந்தக் கணக்கைப் போட்ட ஜோசப் லார்மரின் பெயரால் இதை லார்மர் சுழற்சி என்கிறார்கள்.

சுற்றும் வேகம் புலத்தின் வலிமையை மட்டுமே நம்பியிருக்கிறது. ஒரு டெஸ்லா புலத்தில் புரோட்டான் செகண்டுக்கு 4 கோடியே 25 லட்சத்துக்கும் சற்று அதிகமான தடவை சுற்றும். மருத்துவமனையில் இருக்கும் 1.5 டெஸ்லா இயந்திரத்தில் அது சுமார் 6 கோடியே 40 லட்சம், எஃப்.எம். வானொலி அலைவரிசைக்குக் கொஞ்சம் கீழே. பூமியின் சொந்தப் புலத்தில் வெறும் 1,700. புலம் இரண்டு மடங்கானால் சுற்றும் இரண்டு மடங்கு. இந்த விகிதம் இம்மியும் பிசகாது என்பதால்தான் புரோட்டானைக் கொண்டே காந்தப்புலத்தை அளக்கிறார்கள். மண்ணெண்ணெய் போல ஹைட்ரஜன் நிறைந்த திரவத்தைப் புட்டியில் ஊற்றி, மேலே கம்பிச்சுருள் சுற்றி, சில செகண்ட் மின்சாரம் பாய்ச்சி நிறுத்தினால், புரோட்டான்கள் கூட்டமாகச் சுற்றும் அதிர்வு அதே சுருளில் மின்னழுத்தமாகக் கிடைக்கும். அதிர்வை எண்ணினால் புலம் தெரிந்துவிடும், 40,000இல் ஒன்று என்ற துல்லியத்தில். 1950களில் கலிபோர்னியாவின் வேரியன் நிறுவனத்தில் பிறந்த கருவி இது. கனிமம் தேடும் புவியியலாளர்கள் இன்றும் இதைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கிறார்கள்.

இனி ரேடியோ அலையின் பங்கு. பூமியின் புலத்துக்குச் செங்குத்தாக இன்னொரு காந்தப்புலத்தை, மிகச் சிறியதாக, மாறுமின்னோட்டத்தால் உண்டாக்குவோம். அதன் அதிர்வெண் வேறாக இருந்தால் புரோட்டானுக்கு ஒரு கணம் இந்தப் பக்கம், மறு கணம் அந்தப் பக்கம் எனத் தள்ளுதல் கிடைத்து எல்லாம் கழிந்துபோகும். அதிர்வெண் 1,700க்குச் சரியாகப் பொருந்திவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் தள்ளுதல் ஒரே பக்கமாகச் சேரும். அச்சு மெல்லமெல்லச் சாய்ந்து, 90 பாகைக்கு வந்து குறுக்காகக் கிடக்கும். அந்த நேரத்தில் அலையை நிறுத்திவிட்டால், குறுக்கே கிடந்து சுற்றும் அந்தக் காந்தம் பக்கத்தில் உள்ள எந்தக் கம்பிச்சுருளிலும் தன் அதிர்வெண்ணிலேயே ஒரு மின்னழுத்தத்தை எழுப்பும். பிறகு தேய்ந்து அடங்கும். என்.எம்.ஆர். முழுவதும் இந்த மூன்று காரியங்கள்தான்: சாய்ப்பது, கேட்பது, எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று பார்ப்பது.

எல்லா அணுக்கருவும் இப்படிப் பதில் சொல்வதில்லை. நம் காலடிப் பாறையில் பெரும்பங்கு ஆக்சிஜனும் சிலிக்கானும். அவற்றின் சாதாரண வகைகளான ஆக்சிஜன்-16க்கும் சிலிக்கான்-28க்கும் தற்சுழற்சி சுழியம். காந்தப்புலம் அவற்றைத் தொடுவதே இல்லை. அலுமினியமும் சோடியமும் பதில் சொல்லும். ஆனால் அவற்றின் சுருதி வேறு; பூமியின் புலத்தில் 450 ஹெர்ட்ஸ் பக்கம். ஆக 1,700இல் காது வைத்தால் பாறை ஊமை, மண் ஊமை, ஹைட்ரஜன் மட்டுமே பேசும். நிலத்தடி நீரைத் தேடுகிறவருக்கு இதைவிட வசதியான ஏற்பாடு இயற்கையில் வேறு கிடையாது.

பேசும் குரல் எவ்வளவு மெல்லியது என்பதுதான் இதில் உள்ள தொல்லை. சூட்டினால் மூலக்கூறுகள் இடித்து உருண்டுகொண்டே இருப்பதால் புரோட்டான்கள் ஏறக்குறைய எல்லாத் திசையிலும் சமமாகச் சிதறிக் கிடக்கின்றன. புலத்தோடு சேர்ந்து நிற்பவை, எதிர்த்து நிற்பவை என இரு கட்சியாகப் பிரித்து எண்ணினால், 1.5 டெஸ்லா ஸ்கேன் இயந்திரத்துக்குள்ளேயே பத்து லட்சத்துக்கு ஐந்து அளவில்தான் சேர்ந்து நிற்கும் கட்சிக்குப் பெரும்பான்மை. பாளையம்பட்டியின் இயற்கைப் புலத்தில் 730 கோடி புரோட்டானுக்கு ஒன்று. கருவிக்குக் கேட்பதெல்லாம் அந்த ஒன்றின் குரல். தண்ணீரில் புரோட்டான்களுக்குப் பஞ்சமில்லாததால் பிழைத்தோம். ஒரு மில்லிலிட்டரில் மட்டும் அப்படி மிஞ்சி நிற்பவை 9 லட்சம் கோடி.

இந்தக் குரலை முதலில் கேட்டவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இசிடோர் ராபி 1938இல் வெற்றிடத்தில் மூலக்கூறுக் கற்றையை ஓடவிட்டு, ரேடியோ அலை பட்டதும் கருக்கள் திரும்புவதைக் காட்டினார். 1944இல் நோபல் பரிசு வந்தது. திடப்பொருளிலும் திரவத்திலும் அதைப் பார்க்க நெதர்லாந்தின் கோர்ட்டர் இரண்டு முறை முயன்று இரண்டு முறையும் தோற்றார். அவர் கோட்பாட்டில் தவறில்லை. எடுத்துக்கொண்ட பொருள்கள் காலை வாரிவிட்டன. போர் முடிந்ததும் ரேடார் வேலையில் தேறிய கைகள் இதில் இறங்கின. 1945 டிசம்பரில் ஹார்வர்டில் எட்வர்ட் பர்செல், டோரி, பவுண்ட் மூவரும் பாரஃபின் மெழுகில் ஒத்ததிர்வைப் பிடித்தார்கள். சில வாரத்துக்குள், 1946 தொடக்கத்தில், ஸ்டான்ஃபோர்டில் ஃபெலிக்ஸ் பிளாக், ஹான்சன், பாக்கார்ட் குழு தண்ணீரில் பிடித்தது. இரு குழுவுக்கும் மற்றதன் வேலை தெரியாது. பர்செலும் பிளாக்கும் 1952இல் நோபல் பரிசைப் பங்கிட்டுக்கொண்டார்கள். அந்தக் குளிர்காலத்தில் தன் வீட்டு வாசலில் குவிந்த பனியைப் பார்த்தபோது, பூமியின் புலத்தில் சத்தமில்லாமல் சுற்றும் புரோட்டான் குவியலாக அது தெரிந்தது என்று பர்செல் நோபல் உரையில் நினைவுகூர்ந்தார். அருப்புக்கோட்டைக்காரருக்குப் பனிக்குவியல் வாய்க்காது. கம்மாய்த் தண்ணீர் போதும்.

பிளாக் தண்ணீரில் ஃபெரிக் நைட்ரேட் என்ற இரும்பு உப்பைக் கலந்தார். தூய தண்ணீரில் புரோட்டான்கள் புலத்தோடு ஒத்துப்போக ரொம்ப நேரம் எடுக்குமோ என்ற பயம். காந்தத் தன்மையுள்ள இரும்பு பக்கத்தில் இருந்தால் காரியம் வேகமாக முடியும். இந்த இரும்பு விவகாரம் மணலிலும் பாறையிலும் நமக்கு மறுபடி வரும்.

இந்தியப் பெயர்கள் இந்தக் கதையில் ஆரம்பத்திலிருந்தே உண்டு. நம் பாடப்புத்தகங்கள் ஏனோ அவற்றைச் சொல்வதில்லை. 1951இல் ஸ்டான்ஃபோர்டில் ஆர்னால்ட், தர்மட்டி, பாக்கார்ட் மூவரும் சாராயத்தின், அதாவது எத்தில் ஆல்கஹாலின், என்.எம்.ஆர். நிறமாலையில் மூன்று தனித்தனி முகடுகள் எழுவதைக் காட்டினார்கள். பரப்பளவு மூன்றுக்கு இரண்டுக்கு ஒன்று. மூலக்கூறில் ஹைட்ரஜன் அமர்ந்திருக்கும் மூன்று இடங்களின் கணக்குக்கு அச்சாகப் பொருந்தியது. பக்கத்தில் எந்த அணு உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்துக் கருவின் சுருதி துளி மாறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி அதுவரை இல்லை. வேதியியலாரின் அன்றாடக் கருவியாக என்.எம்.ஆர். மாறியது இதிலிருந்துதான். அந்த மூவரில் நடுவில் இருந்த எஸ். எஸ். தர்மட்டி பின்னர் மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இத்துறைக்குக் கால்கோள் இட்டவர்.

அதே 1951இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஜி. சூர்யன் இன்னொன்றைச் செய்தார். காந்தத்தின் முனைகளுக்கு இடையே குழாய் வழியாகத் திரவத்தை ஓடவிட்டு ஒத்ததிர்வை அளந்தார். திரவம் தேங்கி நின்றால் தொடர்ந்து பாயும் ரேடியோ அலையில் புரோட்டான்கள் களைத்துப்போகும். இரு கட்சியும் சமமாகி, அவற்றின் பதிலாக வரும் குறிப்பலை மங்கும். ஓடும்போதோ அலை படாத புதுப் புரோட்டான்கள் வந்து சேர்ந்துகொண்டே இருப்பதால் குறிப்பலை பலப்படும். எவ்வளவு பலப்படுகிறது என்பதிலிருந்து ஓட்டத்தின் வேகம் தெரியும். இந்திய அறிவியல் அகாடமியின் ஏட்டில் வெளியான அந்தக் கட்டுரை, ஓடும் திரவத்தில் என்.எம்.ஆர். பற்றிய முன்னோடி வேலை. சாயம் ஏற்றாமலே இரத்தக் குழாய்களை எம்.ஆர்.ஐ. படம் எடுப்பதற்குப் பின்னால் சூர்யன் அன்று பார்த்த விளைவு இருக்கிறது.

குறிப்பலை அடங்கும் நேரத்தில்தான் நிலத்தடி நீரின் சூட்சுமம் ஒளிந்திருக்கிறது. குறுக்கே சாய்த்துவிட்ட புரோட்டான்கள் முதலில் ஒரே தாளத்தில் சுற்றும். பிறகு அக்கம்பக்கத்துக் காந்தங்களின் குறுக்கீட்டால் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். கூட்டு ஓசை கலைந்து மங்கும். டம்ளரில் இருக்கும் தண்ணீரில் இது நடக்க இரண்டு மூன்று செகண்ட் ஆகும். மணலுக்குள் இருக்கும் தண்ணீரில் அந்த நேரம் செகண்டில் பத்தில் சில பங்காகக் குறையும். காரணம் சுவர். மணல் துகளின் பரப்பில் மோதும் ஒவ்வொரு மூலக்கூறும் தாளத்தைத் தவறவிட வாய்ப்புண்டு; துகளின் மேல் இரும்பு படிந்திருந்தால் வாய்ப்பு இன்னும் அதிகம். களிமண்ணில் இடுக்கு மிகமிகச் சிறியது. மூலக்கூறுக்குச் சுவரில் மோதுவதைத் தவிர வேறு வேலை இல்லை. அங்கே குறிப்பலை சில மில்லி செகண்டில் செத்துவிடும். நிறமும் பெயரும் தெரியாத மண்ணாக இருந்தாலும், குறிப்பலை எவ்வளவு நேரம் நின்றது என்பதை வைத்து அதன் துளைகள் பெரியவையா சிறியவையா என்று சொல்லிவிடலாம். எண்ணெய்க் கிணறுகளுக்குள் காந்தத்தையே இறக்கி அளப்பவர்கள் இதை நம்பித்தான் பணம் போடுகிறார்கள்.

பாளையம்பட்டியிலிருந்து திருச்சுழிப் பக்கம் போகிற வழிநெடுக இருக்கும் கரிசலுக்கு இது அப்படியே பொருந்தும். கரிசல் தண்ணீரைக் குடிப்பதில் கெட்டிக்கார மண். ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்து வீங்கும். பங்குனி, சித்திரையில் பாளம்பாளமாக வெடிக்கும். உள்ளே ஈரம் மாதக்கணக்கில் நிற்பதால் மானாவாரியாகப் பருத்தியும் கம்பும் விளைகின்றன. ஆனால் அந்த ஈரத்தைக் கேணியில் ஊறவைத்து இறைக்க முடியாது. களித் துகள்கள் அதை விட்டுக்கொடுப்பதில்லை. தண்ணீர் இருக்கும் மண் வேறு, தண்ணீர் கொடுக்கும் மண் வேறு என்பது இந்தச் சீமையில் கேணி வெட்டிய எவருக்கும் தெரிந்த சங்கதி.

போர் போட இடம் பார்க்க இன்றைக்கு நடப்பில் இருப்பது இரண்டு வழி. ஒன்று, நீரோட்டம் பார்ப்பவர். தேங்காயை உள்ளங்கையில் படுக்கவைத்தோ வேப்பங்கவட்டையைப் பிடித்தோ நடப்பார். தேங்காய் நிமிர்வதற்கும் அடியில் தண்ணீர் இருப்பதற்கும் தொடர்பு உண்டென்று எந்த ஒழுங்கான சோதனையும் காட்டியதில்லை. இன்னொன்று மின்தடை அளவு. நான்கு இரும்புக் கம்பிகளைத் தரையில் அடித்து, இரண்டில் மின்சாரம் கொடுத்து, மற்ற இரண்டில் அழுத்தத்தைப் படிப்பது. இது அறிவியல், ஆனால் மறைமுகமான அறிவியல். மின்சாரம் சுலபமாகப் போகிற இடத்தில் நல்ல தண்ணீர் இருக்கலாம், உப்புத் தண்ணீர் இருக்கலாம், ஈரக் களி மட்டுமே இருக்கலாம். மூன்றையும் மீட்டர் ஏறக்குறைய ஒரே மாதிரி காட்டும். பிறகு ரிக் வண்டி வரும். பல நூறு அடி இறங்கியும் குழியிலிருந்து புகைதான் பறக்கிறது என்றால், வீட்டு நகை அடகுக்குப் போனது போனதுதான்.

தண்ணீரையே நேராகக் கேட்டுவிடலாம் என்ற யோசனைக்கு 1962இல் ரஸல் வேரியன் பெயரில் காப்புரிமை வந்தது. அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்கள் சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்க் நகரத்துக்காரர்கள். செமியோனோவ் தலைமையில் 1970களின் கடைசியில் தொடங்கி, ஹைட்ரோஸ்கோப் என்ற முதல் கருவியைச் செய்தார்கள். அங்கு வேலை பார்த்த லெக்சென்கோ பின்னர் பிரான்சுக்குப் போனார். அந்நாட்டின் ஐரிஸ் நிறுவனம் 1990களில் நுமிஸ் என்ற கருவியை விற்பனைக்கு விட்டது.

கருவியின் அமைப்பு கேலிக்குரிய அளவுக்கு எளியது. தரையில் ஒரு பெரிய வட்டமாகக் கேபிளை விரிக்கிறார்கள். குறுக்களவு 50 முதல் 150 மீட்டர் வரை. குழி கிடையாது, கம்பி அடிப்பது கிடையாது. புரோட்டான் காந்தமானியால் அந்த இடத்துப் புலத்தை அளந்து அதிர்வெண்ணைக் கணக்கிட்டு, கேபிளில் அந்த அதிர்வெண்ணில் 40 மில்லி செகண்டுக்கு மாறுமின்னோட்டம் அனுப்புகிறார்கள். நிறுத்தியதும் அதே கேபிள் காதாக மாறிக் கீழேயிருந்து வரும் பதிலைக் கேட்கிறது.

ஆழம் எப்படித் தெரியும்? இங்கேதான் நோவோசிபிர்ஸ்க்காரர்களின் சாமர்த்தியம். வளையத்தின் காந்தப்புலம் கீழே போகப்போகக் குறைகிறது. 40 மில்லி செகண்டில் புரோட்டானைச் சரியாக 90 பாகை சாய்க்கக் குறிப்பிட்ட அளவு புலம் வேண்டும். 100 மீட்டர் குறுக்களவுள்ள ஒற்றைச் சுற்று வளையத்துக்குக் கணக்குப் போட்டால், மையத்தில் மேல்மண்ணில் இருக்கும் தண்ணீரைச் சாய்க்க 23 ஆம்பியர் போதும். 50 மீட்டர் கீழே இருப்பதற்கு 66 ஆம்பியர் வேண்டும். 100 மீட்டருக்கு 260ஐத் தாண்ட வேண்டும். மின்னோட்டத்தைப் படிப்படியாக ஏற்றினால், பதில் சொல்லும் தண்ணீர் அடுக்கும் படிப்படியாகக் கீழே இறங்கும். எந்த ஆம்பியரில் எவ்வளவு மின்னழுத்தம் வந்தது என்ற பட்டியலிலிருந்து எந்த ஆழத்தில் எத்தனை சதவீதம் தண்ணீர் என்று கணினி திரும்பக் கணக்கிடும். வளையத்தின் குறுக்களவு எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவு ஆழம் வரை இப்படிப் போகலாம்.

பாளையம்பட்டி அட்சரேகையில் இதற்கு ஒரு லாபமும் ஒரு நட்டமும் உண்டு. இங்கே பூமியின் புலம் படுக்கைவசம்; வளையத்தின் நடுவில் அதன் புலம் செங்குத்து. இரண்டும் நேர்க்குறுக்காக அமைவதால் நடுவளையத்துக்கு நேர் கீழே சாய்ப்பதில் சேதாரமே இல்லை. நட்டம், புலத்தின் வலிமையில். பதிலின் அளவு புலத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். புலம் குறைந்தால் மிஞ்சி நிற்கும் புரோட்டானும் குறைகிறது, அவை சுற்றும் வேகமும் குறைகிறது. நோவோசிபிர்ஸ்கில் புலம் 60,000 நானோ டெஸ்லாவை ஒட்டி இருக்கிறது. அங்கே கிடைக்கும் குரலில் பாதிகூட இங்கே வராது.

அந்தக் குரல் நானோவோல்ட் கணக்கு, வோல்ட்டில் நூறு கோடியில் ஒரு பங்கு. தலைக்கு மேலே மின்கம்பி போகிறது. மும்முனை மின்சாரம் வந்ததும் காட்டில் உள்ள மோட்டார் எல்லாம் ஓடத் தொடங்கும். அருப்புக்கோட்டைப் பக்கம் நூற்பாலைகளும் தறிகளும் வேறு. நம் மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். மோட்டாரும் மின்மாற்றியும் அதன் மடங்குகளையும் சேர்த்தே இரைகின்றன. ஐம்பதின் முப்பத்து நான்காம் மடங்கு 1,700! புரோட்டான் பேசும் சுருதியின் மேலேயே போய் உட்காருகிறது இந்த இரைச்சல். கருவிக்காரர்கள் வளையத்தை எட்டு வடிவில் முறுக்கி விரித்து, ஒரு பாதியில் ஏறும் இரைச்சலை மறு பாதியால் கழிப்பார்கள். அப்படிச் செய்தால் எட்டும் ஆழம் குறையும். தள்ளி இன்னொரு வளையத்தை வைத்து இரைச்சலை மட்டும் கேட்டு அப்புறம் கழிப்பதும் உண்டு. ஒரே அளவை நூறு தடவை எடுத்துக் கூட்டினால் இரைச்சலின் பங்கு பத்தில் ஒன்றாகும். ஓர் இடத்தை அளக்கப் பல மணி நேரம் ஆவது அதனால்தான்.

இன்னொரு தொந்தரவு வானத்திலிருந்து வருகிறது. காந்த நடுக்கோட்டின் மேலே, நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலான உயரத்தில், பகல் நேரத்தில் பெரிய மின்னோட்டம் ஒன்று கிழக்கு நோக்கிப் பாய்கிறது. அதற்குப் புவிநடுக்கோட்டு மின்தாரை என்று பெயர். திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் மீனவர் கிராமமான தும்பாவை ராக்கெட் தளத்துக்குத் தேர்ந்ததும், 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட்டை ஏவியதும் அந்தப் பகுதி காந்த நடுக்கோட்டை ஒட்டி இருப்பதை முன்னிட்டுத்தான். இந்திய புவிக்காந்தவியல் நிறுவனம் திருநெல்வேலிக்கு அருகே கிருஷ்ணாபுரத்தில் ஓர் ஆய்வுக்கூடம் வைத்திருப்பதும் இதற்காகவே. மின்தாரை வலுத்த நாளில் உச்சிப்பொழுதுக்குள் தரையில் காந்தப்புலம் நூறு நானோ டெஸ்லாவுக்கு மேல் ஏறிவிடும். அப்போது 1,700 ஹெர்ட்ஸ் நாலு ஹெர்ட்ஸ் நகரும். கேட்க அற்பமான மாற்றம். ஆனால் சுருதி நகர்ந்தது தெரியாமல் பழைய அதிர்வெண்ணிலேயே அலை அனுப்பிக்கொண்டிருந்தால் ஆழக் கணக்கு பிசகும். ஐரோப்பாவில் காலையில் ஒரு தடவை புலத்தை அளந்தால் அன்றைய வேலையைப் பெரும்பாலும் முடித்துவிடலாம்; தென்தமிழகத்தில் காந்தமானியைப் பக்கத்திலேயே வைத்து அடிக்கடி பார்க்க வேண்டும்.

தென்னிந்தியப் பாறை மண்ணில் இந்தக் கருவி சோதிக்கப்பட்டிருக்கிறது. கர்நாடகத்தில் பந்திப்பூர்க் காட்டுக்குள் மூலெஹொளெ என்ற சிறு நீர்ப்பிடிப்புப் பகுதியில், இந்திய அறிவியல் கழகத்தின் முத்து சேகரும் மோகன் குமாரும் பிரெஞ்சு விஞ்ஞானிகளும் சேர்ந்து பல ஆண்டு ஆய்வு நடத்திவந்த இடத்தில், லெக்சென்கோ குழு நுமிஸ் வளையத்தை விரித்தது. முடிவு 2006இல் வெளிவந்தது. அடியில் இருப்பது நீஸ் பாறை, நம் விருதுநகர் மாவட்டத்திலும் பரவலாக உள்ள வகை. பாறைக்கு மேலே சிதைந்து தளர்ந்த அடுக்கில் தண்ணீர் எங்கே கூடியிருக்கிறது என்று கருவி காட்டியது. பிறகு துளையிட்டுப் பார்த்தபோது நீர்மட்டம் நன்றாகப் பொருந்தியது. ஹைதராபாத் சுற்றுவட்டாரக் கிரானைட்டிலும் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் பிரெஞ்சுக்காரர்களும் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாஸோ, பெனின் நாடுகளில் இதே மாதிரியான கடினப் பாறை நிலத்தில் பம்பிங் சோதனைகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்திருக்கிறார்கள்.

மூலெஹொளெ ஆய்வு தன் எல்லையையும் மறைக்காமல் எழுதியது. தளர்ந்த அடுக்கின் தடிமனையும் தண்ணீரின் பங்கையும் பெருக்கினால் குறைந்தது 0.2 மீட்டர் வர வேண்டும். பத்து மீட்டர் அடுக்கில் இரண்டு சதவீதம் என்பது போல. அதற்குக் கீழே கருவிக்குக் காது கேட்காது. சிதையாத பாறையின் வெடிப்புகளில் தண்ணீரின் பங்கு அரை சதவீதத்துக்கும் குறைவு என்பதால் அதைப் பிரித்தறிய முடியாது. மேலே தண்ணீர் இருந்தால் அது கீழே இருப்பதன் குரலை அமுக்கவும் செய்யும். ஆக, ஆயிரம் அடி ஆழத்துப் பாறை வெடிப்பில் ஓடும் ஊற்றைக் காட்டித் தருவேன் என்று இந்தக் கருவியின் பெயரில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இன்று நம் ஊர்களில் ரிக் வண்டிகள் தேடுவதெல்லாம் அந்த ஊற்றைத்தான் என்பது சங்கடமான உண்மை. கருவி நன்றாகப் பார்ப்பது, தாத்தா காலத்தில் கமலை பூட்டி இறைத்த கேணிகள் தண்ணீர் எடுத்த மேலடுக்கை.

பாறையின் குணமும் இடைஞ்சல் செய்யும். இந்த மாவட்டத்தில் சார்னோக்கைட் பாறையும் உண்டு. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குச் சென்னைப் பக்கத்துக் கல்லை எடுத்துப் போனதால் அந்தக் கம்பெனி வியாபாரியின் பெயர் பாறைக்கு வாய்த்தது. அதில் மேக்னடைட் என்ற காந்த இரும்புத் தாது சற்றுக் கூடுதலாக இருந்தால், சுற்றியுள்ள புலம் சென்டிமீட்டருக்குச் சென்டிமீட்டர் மாறும். ஒரே தாளத்தில் சுற்ற வேண்டிய புரோட்டான்கள் இடத்துக்கு ஒரு வேகத்தில் சுற்றிக் கலைந்துவிடும். தண்ணீர் தாராளமாக இருந்தும் குறிப்பலை உடனே அடங்கிவிடும். எர்வின் ஹான் 1950இல் இதற்கு ஒரு தந்திரம் கண்டார். கலைந்துகொண்டிருக்கும்போது இரண்டாவது அலைத் துடிப்பைக் கொடுத்தால் முந்தியவை பின்னுக்குப் போய்விடும். வேகமான அவை மற்றவற்றை எட்டிப் பிடித்து, சற்று நேரம் கழித்து எல்லாம் ஒன்றுசேர்ந்து ஓர் எதிரொலி தரும். எம்.ஆர்.ஐ. இயந்திரங்களில் இது அன்றாடம் நடப்பது. தரைக் கருவிகளிலும் இந்த முறை வந்துவிட்டது. பழைய கருவிகளுக்கு அலையை நிறுத்தியபின் கேட்கத் தொடங்கவே 30, 40 மில்லி செகண்ட் பிடித்தது. களிமண்ணின் ஈரம் அதற்குள் பேசி முடித்திருக்கும். கரிசலைப் பொறுத்தவரை அந்தக் குறை நமக்குச் சாதகம். இறைக்க முடியாத ஈரம் கணக்கிலேயே சேராது.

கடைசியாக உப்பு. இந்தச் சீமையில் கேணித் தண்ணீர் பல இடத்தில் கரிக்கும். உப்புத் தண்ணீரின் புரோட்டானும் நல்ல தண்ணீரின் புரோட்டானும் ஒரே சுருதியில், ஒரே பலத்தில் பேசும், வித்தியாசம் கிடையாது. அதோடு உப்பு மண் மின்சாரத்தைக் கடத்துவதால் வளையத்தின் அலையே கீழே போகப்போகத் தேய்கிறது. 1,700 ஹெர்ட்ஸில், 10 ஓம்-மீட்டர் மின்தடையுள்ள உப்புக் களியில் 40 மீட்டருக்குள் அலை சுமார் மூன்றில் ஒரு பங்காகிவிடும். அதனால் என்.எம்.ஆர். வளையத்தோடு பழைய நான்கு கம்பி மின்தடை அளவையும் சேர்த்தே எடுக்கிறார்கள். ஒன்று எவ்வளவு என்று சொல்லும்; மற்றது எப்படிப்பட்டது என்று ஊகிக்க வைக்கும். தனித்தனியாக இரண்டுமே அரைகுறைதான்.

மூலெஹொளெக்காரர்கள் சொன்ன அந்தக் குறைந்தபட்ச அளவையே பாளையம்பட்டிப் பக்கத்துப் புன்செய் ஒன்றுக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்து மீட்டர் அடுக்கில் இரண்டு சதவீதம் என்றால் 200 மில்லிமீட்டர் தண்ணீர். ஆண்டு மழை 800 மில்லிமீட்டரைச் சுற்றி இருக்கும் ஊரில் இது அற்பமல்ல. ஏக்கருக்கு எட்டு லட்சம் லிட்டர் வருகிறது. பருத்திக்கு ஒரு பாய்ச்சலுக்கு 50 மில்லிமீட்டர் என்று வைத்தால் நாலு தண்ணீர். அடியில் இருப்பதெல்லாம் கேணிக்கு வந்து சேராது. பாதி வந்தாலும் இரண்டு தண்ணீர் பாயும். அது பயிரைக் கருக்குமா, காய் பிடிக்கவைக்குமா என்பதை மின்தடை மீட்டரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.